நிலுவை

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் டிராம்
வளைந்து முனகும் வியன்னா முனையில்,
தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடைக்குக் கீழே
நாற்பத்து மூன்று படி. எங்கள் அலுவலகம்.
உலகங்களுக்கிடைப் பதிவுத்துறை, பிரிவு ஊ.
பிரிவு உ இன்னொரு பிரபஞ்சத்தில் இருக்கிறது.
தபால் போய்வர எண்பது வருஷம்.
அவசரத் தபாலென்றால் எண்பத்திரண்டு.

நான் வால்பூர்கா நெபெஹாய்.
பெயர்ப்பலகையில் வால்புர்கா.
குறிலை நெடிலாக்கக் கோரி மனுப் போட்டுப்
பதினோரு வருஷம்.

இன்று முதல் டோக்கன் ஒரு டிராகன்,
நெருப்பு உரிமம் புதுப்பிக்க.
'புகைப்பழக்கம் உண்டா' என்ற கட்டத்தில்
நகத்தை வைத்தபடி அரைமணி யோசித்தது.
அடுத்து ஓர் ஆவி, ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கேட்டு.
"நேரில் வந்திருக்கிறேனே, போதாதா?"
வெஸ்ஸெலி சட்டப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு
போதும் என்றான்.
கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தந்த புகைப்படத்தில்
காலி நாற்காலி தெளிவாக விழுந்திருந்தது.
திருப்பியனுப்பினோம்: பின்னணி வெள்ளையாக இல்லை.

வாளும் கேடயமுமாய் நால்வர்
ஆறு மாதமாக வந்துபோகிறார்கள்.
குகைப் பூதத்தைக் கொல்ல அனுமதி வேண்டும்.
படிவத்தின் ஏழாம் பத்தியில்
பூதத்தின் கையொப்பம் வேண்டும்.
வாங்கப் போய் வாங்கப் போய்ப் பழகி,
இன்று பூதத்தின் மகள் கல்யாணத்துக்கு
விடுப்புச் சொல்ல வந்திருந்தார்கள்.

விதியில் இல்லாததற்கெல்லாம்
மேசையில் இருபது முகப் பகடை உண்டு.
பதினேழுக்கு மேல் விழுந்தால் பரிசீலனை.

தெஸ்க் முதன்முதல் வந்த அன்று
கவுன்ட்டர் மூடி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.
உருட்டினேன். நான்கு.
மேசை ஆடியது என்று சொல்லி
மறுபடி உருட்டினேன்.

பொருள்: என் உலகம் முடிந்துவிட்டது,
பதிவு செய்யக் கோருதல்.
பார்வை: ஏதுமில்லை.

அங்கே அவர் அலைமணி அடிப்பவர்.
கடல் ஏறும்போது இரண்டு, இறங்கும்போது ஒன்று.
ஒருநாள் கடல் இறங்கியது, ஒன்று அடித்தார்.
பிறகு இரண்டு அடிக்க வேண்டியே வரவில்லை.
முடிவுச்சான்று இல்லாமல்
வேறெங்கும் குடியேற முடியாது.

"சாட்சி இருவர் வேண்டும்," என்றேன்,
"அதே உலகின் நிரந்தரவாசிகள்."
"இருவர் இருந்தால் நான் ஏன் வருகிறேன்?"
தொப்பியைக் கழற்றினார். உள்ளே உப்புப் படிந்திருந்தது.

அன்றிரவு விளக்கணைக்காமல் விதிகளைப் படித்தேன்.
அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில், எறும்பெழுத்தில்:
கோப்பு நிலுவையில் உள்ளவரை
மேற்படி உலகின் வானம், நீர், இதர அசையும் பொருட்களைப்
பராமரிப்பது துறையின் செலவு.

சிவப்பு மையில் எழுதினேன்:
நிலுவை.

பராமரிப்புப் பிரிவு முணுமுணுத்தது, ஆனாலும் டெண்டர் விட்டது.
குறைந்த தொகை கேட்டவர் மாட்டிய நிலா
கொஞ்சம் கோணல்.
அலை இடப்பக்கமாகத்தான் ஏறுகிறதாம்.
தெஸ்க் புகார் மனு தந்தார், மூன்று நகல்களில்.
தரும்போது சிரித்தார்.

நிலாவை நிமிர்த்தப் போன கூலியாள் பிரிங்கா
ஏணியை வைத்துவிட்டு வந்தாள்,
ஏணியை எடுக்கப் போனாள்,
திரும்பவில்லை.
போன வாரம் வந்தது அவளுடைய குடியிருப்புச் சான்று.
இப்போது அங்கே இருவர்.

தணிக்கையாளருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.
ஆறு கைகளிலும் ஆறு பேனா.
"சாட்சி சரியாகிவிட்டது, அம்மா.
முடிவு முத்திரையைக் குத்தலாமே?"

குத்தலாம்தான்.
அரக்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன்.
மை வறண்டிருந்தது. நேற்றுத்தான்
ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்திருந்தேன்.

மை கேட்டு முறைப்படி எழுதியாயிற்று,
பிரிவு உ-வுக்கு,
அவசரத் தபாலில்.
கீழே கையெழுத்து: வால்புர்கா, குறிலோடு.
எழுத்துப் பிழைக்காக
ஒருமுறையாவது அவர்கள் திருப்பியனுப்பட்டும்.