காகிதப் பருந்து

ராக்ன்ஹில்ட் மேசையில் விரித்த வரைபடத்தில்
எங்கள் வீட்டுக்கு வயதே ஆகவில்லை.
தட்டைக் கூரை. மஞ்சள் செங்கல்.
தோட்டத்தைப் பார்த்தபடி
தரையிலிருந்து உத்தரம்வரை ஒரே கண்ணாடி.
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றுக்குத்
திரும்பிவிடலாம்" என்றாள்,
அடுத்த பேருந்தைப் பிடிப்பதுபோல.

அறுபத்தொன்றில் நான் இல்லை.
அண்ணன் எஸ்பனும் இல்லை.
சமையலறையின் பழைய வாசலை
அப்பா அடைத்தது எழுபத்திரண்டில்.
அந்தச் செங்கலின் மஞ்சள் மட்டும் சற்றே சோகை;
பழைய சூளையை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள்.
இடித்துவிடச் சொல்கிறது அறிக்கை,
பக்கம் பதினான்கு.

கூரையைப் பற்றி அறிக்கையில் ஒரே புகழுரை.
ஆர்ஹுஸின் நவம்பர் மழை அதைப் படித்ததில்லை.
தட்டைக் கூரை என்பது தண்ணீரிடம்
"உட்கார், என்ன அவசரம்" என்று சொல்வது.
நாங்கள் ஒரு நீல வாளியைச் சுற்றி நடந்தே வளர்ந்தவர்கள்.

தச்சர் பிரேபன் அதிகம் பேசுவதில்லை.
ஜன்னலின் தேக்குச் சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்,
பல் மருத்துவர் மாதிரி.
"கீழ்மூலை மட்டும் உளுத்திருக்கு.
மத்தது நம்மைவிட நாள் இருக்கும்."
வெட்டி ஒட்டிய புதுத் துண்டைச்
சாயம் பூசி மறைக்கட்டுமா என்று கேட்டார்.
வேண்டாம், தெரியட்டும் என்றேன்.
தொலைபேசியில் எஸ்பன் சிரித்தான்:
"முதலில் மூன்றடுக்குக் கண்ணாடி போடு,
தத்துவம் அப்புறம்."
போட்டோம்.

பழைய கண்ணாடியை இருவர் தூக்கிச் சாய்த்தபோது
வெயில் சரிந்து ஒரு பசைத்தடத்தில் நின்றது.
விரித்த சிறகு, குட்டை வால்.
பறவைகள் மோதிச் சாகின்றன என்று
அம்மா கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டிய பருந்து.
தாள் எப்போதோ உதிர்ந்துவிட்டது.
எந்த வரைபடத்திலும் அது இல்லை.
வண்டி அதையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

புதுக் கண்ணாடி வந்த நாலாம் நாள்
தொப்பென்று ஒரு சத்தம்.
சிட்டுதான். கல்தரையில்
இன்னும் சூடாகக் கிடந்தது.
கத்தரிக்கோலைத் தேட அரைமணி நேரம்.
என் பருந்து கொஞ்சம் கோழி மாதிரி வந்துவிட்டது.

வேலை முடிந்து படமெடுக்க வந்த ராக்ன்ஹில்ட்
தயங்கித் தயங்கிக் கேட்டாள்,
ஒரே நிமிடம், அதை எடுத்துவிட முடியுமா?
எடுத்தேன்.
கோப்பில் வீடு அவ்வளவு அழகு.

அவள் கார் தெருமுனை திரும்புமுன்
கோழி கண்ணாடிக்குத் திரும்பியது,
முன்பைவிடக் கோணலாக.
பக்கம் பதினான்கைப் பற்றி அவள் கேட்கவில்லை.
அந்தச் சுவருக்கு முன்னால்
புத்தக அலமாரியை நகர்த்தி வைத்திருந்தேன்.