எஞே இல்லாத வாசல்

வால்தீவியாவில் மழை ஓயாத ஜூலை.
இரவு பதினொன்றே முக்காலுக்கு
புதுப்பிக்கலாமா என்று கேட்டது கணினி.
சரி என்றவள் நான்தான்.
திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

மறுபடி எழுந்தது கணினி.
திரை எழவில்லை.

விசிறி சுற்றுகிறது.
நம்லாக்கைத் தட்டினால்
பச்சை விளக்கு எரிகிறது, தட்டினால் அணைகிறது.
உள்ளே எல்லாரும் இருக்கிறார்கள்,
கதவை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

காலை எட்டுக்கு அபெலார்தோ வருவான்.
அவனுடைய சிப்பிப் படகு, ஏழு மீட்டர் நாற்பது,
அதன் அடிவயிற்று வளைவுகள் அத்தனையும்
அந்தக் கறுப்புக்குப் பின்னால்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று.
கறுப்பில் வெள்ளையாக ஒரு கோடு துடித்தது.
பெயர்?
எதெல்மீரா, சின்ன எழுத்தில்.
படமில்லாத அந்த அறையில்
என்னை உடனே உள்ளே விட்டார்கள்.

பதிவேட்டை விரித்தேன், நாலாயிரம் வரி.
பீர் ஆலையில் இராக்காவலில் இருந்த ரொசமேல்
போனில் கொட்டாவி விட்டான்:
"சிவப்பை மட்டும் வாசி."
புதுக் கெர்னலுக்கு ஹெடர் வந்து சேரவில்லை.
அது வராததால் டிரைவர் தன்னைக் கட்டிக்கொள்ளவில்லை.
கட்டிக்கொள்ளாததை
யாரிடமும் சொல்லவும் இல்லை.

"நூவோவைப் போட்டுப் பார்."

போட்டேன். படம் வந்தது.
பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்று
பாத்திரச் சத்தத்தை மட்டும் கேட்டே
உள்ளே என்ன சமையல் என்று எழுதி வைத்தவர்கள்
செய்த டிரைவர் அது.
பலர் கூலி வாங்காதவர்கள். குறை சொன்னால் நாக்கு அழுகும்.
ஆனாலும் என் பழைய கார்டில்
படகை ஒரு சுற்றுத் திருப்புவதற்குள்
ஒரு குவளை மாத்தே குடித்துக் கழுவியும் வைத்துவிடலாம்.

ஆகவே ஹெடரை இறக்கி
கம்பெனிக்காரனுடையதையே மறுபடி கட்டினேன்.
கட்டி முடிந்தது. கெர்னல் ஏற்றிக்கொள்ள மறுத்தது.
கையொப்பம் இல்லையாம்.
குதிரை கீழே தள்ளியது போதாதென்று
குழியும் பறித்தது.

கையொப்பத்துக்கு ஒரு சாவி,
சாவியைச் சேர்க்க ஒரு கடவுச்சொல்.
விறகடுப்பின் பக்கத்தில் தூங்கும்
நாயின் பெயரைக் கொடுத்தேன்: கஸ்தாஞா.

மறுதொடக்கம்.
பளீரென்று ஒரு நீலத்திரை.
சொல்லைச் சொல்.

கஸ்தாஞா.
தவறு.
மெதுவாக, ஒற்றை விரலால், கஸ்தாஞா.
தவறு.
மூன்றாம் தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினேன்.
நாய் தலை தூக்கிப் பார்த்தது.
அதற்குச் சரியாகத்தான் கேட்டிருந்தது.
தவறு.

ரொசமேல் ஏதோ வாகனத்துக்குக் கதவு திறக்கப் போயிருந்தான்.
மழையும் நானும்.
அப்போதுதான் விசைப்பலகையைப் பார்த்தேன்,
எல்லுக்கு வலப்பக்கம், எஞே.
பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற எழுத்து.
அந்த நீலத்திரைக்கு அந்த இடத்தில் இருப்பது
ஓர் அரைப்புள்ளி.

மேல்மாடி முழுக்க என் மொழியில் பேசுகிற இயந்திரம்
அடித்தளத்தில்
என் மொழியைக் கேள்விப்பட்டதே இல்லை.
கஸ்தா, அரைப்புள்ளி, ஆ.
அப்படி ஒரு நாய் இந்த வீட்டில் இல்லைதான்.

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.
எது முதலில் என்று ஞாபகம் இல்லை.

திரும்பப் போய்ச் சொல்லை மாற்றினேன்.
எழுத்தே வேண்டாம்.
படகின் நீளம், படகின் அகலம்:
07400215.
எண்கள் இரண்டு பலகையிலும்
ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தன.

நீலம் ஏற்றுக்கொண்டது.
நாலேகாலுக்குத் திரை வந்தது,
வளைவுகளோடு, வழுக்கிக்கொண்டு சுழலும் படகோடு.
இரண்டாவது மானிட்டர் வரவில்லை.
அதை இன்னும் பார்க்கவில்லை,
பார்க்கப் போவதாகவும் இல்லை இந்த வாரம்.

எட்டுக்கு அபெலார்தோ
நனைந்த பூட்ஸோடு உள்ளே வந்து
படகை ஒரு சுற்று, இன்னொரு சுற்று திருப்பச் சொன்னான்.
தாடியைச் சொறிந்தான்.
"முகப்பை நாலு விரல் உயர்த்திவிடு" என்றான்.
"அகலம் இரண்டு இருபது வைத்துக்கொள்."

சரி என்றேன்.
கடவுச்சொல்லை மாற்றவில்லை.