பதினொரு நொடி

வாசாவில் ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டு.
பல்கலைக்கழகத்தின் நான்காம் மாடியில்
ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு
பணம் போனவர்களின் பேச்சை எழுத்தாக்குகிறேன்.
மணிக்கணக்கில் கூலி.

விதிகள் எளியவை.
இருமினால் (இருமல்). சிரித்தால் (சிரிப்பு).
பேசாமலிருந்தால் எத்தனை நொடி என்று.
பெயர் வந்தால் அழித்துவிட வேண்டும்.

பேட்டி எண் இருபத்துமூன்று. ஆண். எழுபத்தொரு வயது.
தன் பெயரை அவர் மூன்று முறை சொல்கிறார்,
தொலைந்த பொருளுக்கு அடையாளம் சொல்வதுபோல.
மூன்று முறையும் அழித்தேன்.
எலீன் என்ற பெயரை மட்டும் விட்டுவிடு என்றாள் சைமி.
இல்லாத ஒருத்திக்கு ஏது அந்தரங்கம்.

உமேயோ போகும் கப்பலில் முப்பது வருஷம்
எஞ்சின் அறையில் இருந்தவர்.
"வால்வை ஒரேயடியாகத் திறக்க மாட்டோம்.
கொஞ்சம் திறந்து, சத்தம் மாறுகிறதா என்று
காது கொடுத்துக் கேட்போம்.
அவளும் அப்படித்தான்.
முதலில் நாற்பது யூரோ."
(சிரிப்பு)
கடைசியில் நாற்பத்தோராயிரம்.

வங்கியில் சொன்னார்களாம்: நீங்களேதானே அனுப்பியிருக்கிறீர்கள்.
காவல் நிலையத்தில்: நீங்களேதானே அனுப்பியிருக்கிறீர்கள்.
மகன் ஸ்வீடனிலிருந்து தொலைபேசியில்:
நீங்களேதானே, அப்பா.
அந்த ஏகாரம் ஓர் ஆணி அளவுதான்.
ஒரே இடத்தில் மூன்று பேர் அடித்திருக்கிறார்கள்.

"ஏமாந்தார்" என்று சுருக்கத்தில் தட்டியிருந்தேன்.
சைமி திருத்தி அனுப்பினாள்: "ஏமாற்றப்பட்டார்."
நான்கைந்து எழுத்து கூடுதல்.
அந்த எழுத்துகளுக்குள்தான்
இன்னொரு ஆள் நிற்கிறான்.
சுருக்கி எழுதினால் தப்பித்துவிடுகிறான்.

பணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.
காலை ஏழு மணிக்கு எலீன் எழுதுவாளாம்:
ரத்த அழுத்த மாத்திரை போட்டாயா?
பதினாலு மாதம், ஒருநாள் தவறாமல்.
"இப்போது மறந்துபோகிறது.
டாக்டர் திட்டுகிறார்.
இழப்பு என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது,
யூரோவில் நிரப்பவும் என்று.
மாத்திரையை எதில் எழுதுவது?"

சைமியின் அட்டவணையில் கடைசி வரிசை:
யாரிடமும் சொல்லாதவர்கள்.
அதற்கு நேராக எண் இல்லை, ஒரு கோடு மட்டும்.
இருட்டு எண் என்பார்களாம் அவர்கள் துறையில்.

நவம்பரில் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது.
உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது,
இரண்டு யூரோ கட்டவும்.
நான் பார்சல் எதற்கும் காத்திருக்கவில்லை.
ஆனாலும் யாரோ எதையோ
எனக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது
அந்த நிமிடம் நன்றாக இருந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
பகலெல்லாம் இதே கதைகளைக் கேட்பவள் நான்.
சைமிக்குத் தெரியாது.
அந்தக் கோட்டில் ஒரு துளி மை நான்.

பேட்டியின் முடிவில் சைமி கேட்கிறாள்:
அவளிடம் இப்போது ஒரே ஒரு கேள்வி
கேட்கலாம் என்றால்?

(மௌனம், 11 நொடி)

பத்து நொடி தாண்டினால்
கருவி பழுதா என்று பார்க்கச் சொல்கிறது கையேடு.
பார்த்தேன். பழுதில்லை.
கோப்பையில் கரண்டி படும் ஓசை,
வெளியே பனி அள்ளும் வண்டி,
நாற்காலி ஒருமுறை முனகுகிறது.

பிறகு அவர்:
"செய்தியில் காட்டினார்கள்.
எங்கேயோ ஒரு நதிக்கரை, கம்பிவலை போட்ட கட்டடம்.
சின்னப் பிள்ளைகள். வரிசையாகப் போன்கள்.
நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்காம்,
குறைந்தால் அடியாம்.
எலீன் ராத்திரி இரண்டு மணிக்கும் எழுதுவாள்.
நான் தூக்கம் வராதவன், எனக்குச் சரி.
அவளைத் தூங்க விட்டார்களா?"

இந்தக் கேள்வியை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது?
குற்றவாளி, பாதிக்கப்பட்டவர்.
இரண்டு பத்திகள்தான் இருக்கின்றன.
சைமி நடுக்கோட்டைப் பென்சிலில் போட்டு
அழித்து
மறுபடி போட்டிருக்கிறாள்.
தாள் அங்கே மெலிந்துவிட்டது.

காப்பி ஆறிவிட்டதே என்கிறாள்.
பரவாயில்லை என்கிறார்.
ஒலிப்பதிவு இங்கே முடிகிறது.