கழுத்தை மட்டும்

எல்க் வேட்டை திறக்கப் பதினோரு நாள்.
வெர்னா ஹாக்ஸ்டாட் கடைக்குள் வந்தாள்.
பூட்ஸ் பனியைக் கதவருகே உதறிவிட்டு
காப்பி டப்பா ஒன்றைக்
கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தாள்.
சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள்
சில்லறைபோல் உருண்டோடின.
இரண்டைக் காலால் நிறுத்தினேன்.

"இதற்கு டை வேண்டும்.
பிடித்துக்கொள்ள ஷெல் ஹோல்டரும்.
பிரஸ் என் பங்குக்கு வந்தது.
அதில் மாட்டுகிறதெல்லாம் அவன் பங்குக்கு."

லூயிஸ்டவுனில் எல்லோருக்கும் தெரியும்
எது யார் பங்குக்கென்று.
ஆர்லனுக்குப் படகு, நாய், தராசு.
இவளுக்கு வீடு, வீட்டுக்கடன்,
பெஞ்சோடு போல்ட் போட்டு இறுக்கியதால்
யாராலும் அசைக்க முடியாத பிரஸ்.

ஷெல் ஹோல்டர் சுலபம்.
அது அடிவிளிம்பை மட்டும்தான் விசாரிக்கும்.
தர்ட்டி-ஆட்-சிக்ஸ், டூ-செவன்ட்டி, டூ-ஃபார்ட்டி-த்ரீ,
எல்லாவற்றுக்கும் ஒரே பாதம், ஒரே செருப்பு.
தாயும் பிள்ளையும்போல
வாயும் வயிறும்தான் வேறு.

"மூன்றாம் எண் கொடு."
எந்தக் கம்பெனி மூன்று என்றேன்.
பச்சை டப்பாவின் மூன்று
சிவப்பு டப்பாவில் இரண்டு.
இந்த ஒரு விஷயத்திலாவது
உலகம் ஒத்துப்போயிருக்கலாம்.
ஒரு கூட்டைச் செருகிக் காட்டினேன்.
வழுக்கிப்போய் உட்கார்ந்தது,
மேலே இழுத்தால் வரவில்லை.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

டைதான் தகராறு.
அலமாரியில் இரண்டு வகை.
ஒன்று கழுத்தை மட்டும் இறுக்கும்.
மற்றது தோளிலிருந்து அடிவரை
முழு உடம்பையும் அமுக்கிப்
பிறந்த அளவுக்குக் கொண்டுபோகும்.

வெடிக்கிற நொடியில் பித்தளை ஊதி
அறைச்சுவரோடு ஒட்டும்.
அந்த ஒரு துப்பாக்கியின் கோணல், தேய்மானம்,
எல்லாம் அதன்மேல் ஏறிவிடும்.
பிறகு கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும்,
அதே அறைக்குள் இருட்டிலும் வழி தெரிந்து போகும்.
வேறொன்றில் வைத்தால்
போல்ட் மூட அடம்பிடிக்கும்.

"எதில் சுட்டது இதெல்லாம்?"

ஒரு கூட்டை எடுத்து
அதன் வாய்க்குள் நகத்தை விட்டுச் சுற்றினாள்.
"பாதி என்னுடையதில், பாதி அவனுடையதில்.
ஒரே டப்பாவில் போடுவோம்.
பதினாறு வருஷம்,
யார் பிரித்துப் பார்த்தது?"

கண்ணுக்குத் தெரியாது.
மைக்ரோமீட்டரைக் கேட்டால் சொல்லும்,
ஒரு தலைமயிர் அளவு.
எடுக்கப் போனேன். வேண்டாம் என்றாள்.

"கழுத்து மட்டும் என்றால்
பித்தளை ரொம்ப நாள் உழைக்கும்" என்றேன்,
வாய் சும்மா இருக்காமல்.
"குறியும் சுத்தமாக விழும் என்பார்கள்."
"முழு உடம்பு டை கொடு."
"அதற்கு மசகு தடவ வேண்டும். கொஞ்சம் அசந்தால்..."
"தெரியும்."

தெரியவில்லை.
நாலாம் நாள் திரும்பி வந்தாள்.
டைக்குள் ஒரு கூடு இறுகிக் கிடந்தது,
அடிவிளிம்பு பிய்ந்து.
"அவனுடையதா என்னுடையதா,
அதுகூடத் தெரியவில்லை" என்றவள்
சிரித்துவிட்டாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பின்கட்டில் வைத்துத் துளை போட்டேன்,
மரை வெட்டினேன்,
போல்ட்டைத் திருகித் திருகி இழுத்தேன்.
கடைவாய்ப்பல் வருகிற சத்தத்தோடு வந்தது.
டை பிழைத்தது.
கூட்டைக் குப்பையில் எறியப் போனவனின்
கையிலிருந்து வாங்கிக்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
மசகு டப்பா ஒன்று. பெரியது.
முந்நூறு காசு குறைந்தது, அப்புறம் தரட்டும்.

சனிக்கிழமை ஆர்லன் வந்தான்.
நாயை வண்டியிலேயே விட்டுவிட்டு
புதுப் பித்தளை நூறு கேட்டான்.
ஷெல் ஹோல்டர் வேண்டாமா என்றேன்.
"அதெல்லாம் இருக்கிறது" என்று
சுவர்ப்பக்கம் பார்த்தான்,
பிரஸ்கள் வைக்கும் தட்டை.

கடைசி ஒன்று
புதன்கிழமையே போய்விட்டிருந்தது.