சிறுநீரகக் கல்

கட்டடம் முழுக்கத் தெரியும்,
என் தெங்கிஸுக்குச் சிறுநீரகத்தில் கல்.
ஐந்தாம் மாடி ஜூஜுனாதான் முதலில் வந்தாள்
கை நிறைய மக்காச்சோளக் குஞ்சத்தோடு:
கொதிக்க வை, வெறும் வயிற்றில் கொடு,
என் தம்பிக்கு ஒன்பதே நாளில் கரைந்தது.

கொதிக்க வைத்தேன்.
அவரும் குடித்தார்,
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே,
இல்லாத கல்லுக்கு வாய்த்த கஷாயத்தை.

மூன்றாம் மாடி குராம்
தனக்கு விழுந்த கல்லைத் தீப்பெட்டியில் வைத்துக்
கொண்டுவந்து காட்டினார், பெருமையாக.
கையில் வாங்கிய தெங்கிஸ்
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்,
திருப்பிக் கொடுக்க மனமில்லாதவர் போல.

பொய்யை நான் தேர்ந்தெடுக்கவில்லை.
கைக்கு முதலில் அகப்பட்டது அது.
மார்ச் மாதம் ஒரு காலையில்
கில்தானிச் சந்தை ஓரம்
எஞ்சின் ஓட ஓட மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு
இறங்கி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.
உள்ளே பதினோரு பயணிகள். ஒருத்தியின் மடியில் கோழி.
ஏன் என்று கேட்டவர்களுக்கு
அவருக்கு எங்காவது வலிக்க வேண்டுமே.
இன்ன இடம் என்று நான் தொட்டுக் காட்ட வேண்டுமே.

பதிவேட்டில் பெயர் ஏறினால் உரிமம் போய்விடும் என்றார் மைத்துனர்.
எங்கள் வம்சத்தில் அப்படி யாரும் கிடையாது என்றாள் நாத்தனார்,
அவள் வம்சம்தான் அந்தக் கட்டிலில் படுத்திருக்க.
செப்டம்பரில் எங்கள் தேயாவின் வருங்கால மாமியார் விருந்துக்கு வருகிறாள்.
அதுவரைக்குமாவது
கல்லாகவே இருக்கட்டும்.

மாத்திரை வாங்க வார்க்கெத்திலி போகிறேன்.
மெட்ரோவின் அந்தக் கோடி. நாங்கள் இருப்பது இந்தக் கோடி.
இடையில் பதினான்கு நிலையங்கள், மொத்த திபிலிசியும் தலைக்கு மேலே.
எங்கள் தெரு மருந்துக்கடைக்காரி நல்லவள்தான்,
சீட்டைப் படிக்கையில் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.
அந்தத் தாழ்ந்த குரல்தான் கடை முழுக்கக் கேட்கும்.

போன வியாழன் அங்கே எனக்கு முன்னால்
ஒரு சாம்பல் நிறக் கோட்டு.
கவுண்டரில் அதே நீலப் பெட்டி, இரண்டு.
திரும்பினாள்.
ஜூஜுனா.

அவள் மகன் மமுக்கா போலந்தில் லாரி ஓட்டுகிறான்.
இரண்டு வருடமாக. கட்டடம் முழுக்கத் தெரியும்.
அங்கே குளிர் அதிகமாம். வாரம் தவறாமல் போன் செய்கிறானாம்.

நாங்கள் பேசவில்லை.
ஒரே பெட்டியில் ஏறி எதிரெதிரே உட்கார்ந்தோம்.
மடியில் கைப்பை, கைப்பையின் மேல் கை.
சுரங்கம் வந்து கண்ணாடி கறுக்கும்போதெல்லாம்
அவள் தோளுக்குப் பின்னாலிருந்து
என் முகம் என்னைப் பார்த்தது.

எங்கள் லிஃப்ட் பத்து தெத்ரி விழுங்கினால்தான் அசையும்.
நான் பையைத் துழாவினேன். மாத்திரை அட்டைதான் கிலுகிலுத்தது.
அவள் காசு போட்டாள்.
ஐந்தை அழுத்தினாள். ஆறையும்.
ஐந்தில் கதவு திறந்தது,
மூட வந்த கதவுக்குக் காலைக் குறுக்கே வைத்து
என்னைப் பாராமல்
பொத்தான்களைப் பார்த்துக் கேட்டாள்:
கல் எத்தனை மில்லிகிராம்?

ஐம்பது, என்றேன்.
எங்களுடையது நூறு.
போய்விட்டாள்.

மறுநாளும் சோளக் குஞ்சம் வந்தது, செய்தித்தாளில் சுற்றி.
படிக்கட்டில் நாலு பேர் நிற்க உரக்கக் கேட்டாள்,
கரைகிறதா?
கொஞ்சம் கொஞ்சமாக, என்றேன், நானும் உரக்க.

நேற்றிரவு மூன்று மணிக்கு
கீழே குழாயில் தண்ணீர் ஓடியது. நாற்காலி நகர்ந்தது.
பிறகு நடை. ஏழு அடி, ஒரு திரும்பல், ஏழு அடி.
யாரது தூங்காமல், என்றார் தெங்கிஸ் இருட்டில்.
நாலு நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம்.
போலந்து, என்றேன்.
கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கிடந்தார்.

அங்கே இப்போது மணி என்ன?

இங்கே என்னவோ, அதேதான்.