இடப்பக்கம் இழுக்கிறது

ஏற்றமென்று ஒன்றுமில்லை நிலாவெளி றோட்டில்.
ஆனாலும் ஆறாம் கட்டை தாண்டினால்
சூட்டு முள் எழும்பி நிற்கிறது,
கடன் கேட்க வந்த ஆள் மாதிரி.
பின்பெட்டியில் இருபத்தாறு பார் ஐஸ்
மரத்தூளுக்குள் கிடந்து சொட்டுகிறது.
இறக்கக்கண்டியில் வள்ளம் கரைக்கு வருகிற நேரம்.

தெர்மோஸ்டாட், என்றான் ரிஸ்மின்.
மாற்றினோம்.
றேடியேற்றர் அடைப்பு, என்றான்.
கழற்றிக் கழுவி,
வந்த சேற்றைப் பார்த்து இரண்டு பேரும் சந்தோசப்பட்டோம்.
நாலாம் நாள் முள் மறுபடி எழும்பியது.
பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஹெட் கஸ்கற் என்ற சொல்லை
வாய்க்குள்ளேயே வைத்திருந்தான்,
நோயாளியின் முன்னால்
நோயின் பெயர் சொல்லாதவர்கள் போல.

பிக்கப்பில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது.
எந்தப் பாதி பழுது என்பதில்தான் சண்டை.
கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓடுகிறாய், என்றான்.
நீ ஒயில் பார்ப்பதில்லை, என்றேன்.
போய்ப் பார்த்தேன். ஒயில் கோட்டில் இருந்தது.
புகைக்குழாயில் விரல் விட்டேன்:
காய்ந்த கறுப்பு. நீலமுமில்லை, வெள்ளையுமில்லை.
டீசல் மட்டும்
போகாத ஊருக்கும் சேர்த்துக் குடித்தது.

ஒக்டோபர். முதல் தூறல்.
முள் எழும்பியதும் ஓரங்கட்டினேன்.
வலது முன்சில்லில் விழுந்த துளி வழிந்தது.
பின்சில்லில் விழுந்தது வழிந்தது.
இடது முன்சில்லில் விழுந்தது
ஸ்ஸ் என்றது.

குனிந்து கையைக் கொண்டுபோனேன். தொட முடியவில்லை.
மூன்று மாதமாக நெஞ்சைத் திறந்து பார்த்திருக்கிறோம்,
காய்ச்சல் காலில்.

அப்போதுதான் தோள் ஞாபகம் வந்தது.
ஒரே நாளில் வாங்கிய இரண்டு ரயரில்
இடதில் தவாளிப்பே இல்லை.
வண்டி இடதுக்கு இழுக்க இழுக்க
நான் ஸ்ரேறிங்கை வலதுக்குப் பிடித்தே ஓடியிருக்கிறேன்,
இரவில் அந்தத் தோளுக்குத் தைலம் பூசிக்கொண்டு,
வயது போகிறது என்று நினைத்துக்கொண்டு.

ஜக்கில் தூக்கினேன். சில்லு அசையவில்லை.
நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.
பிறேக் எண்ணெய் முழங்கை வரை பீய்ச்சியடித்தது.
சில்லு, ஒன்றுமே நடவாதது போல, சுற்றியது.

ரிஸ்மின் மோட்டார்சைக்கிளில் வந்தான்.
பிறேக் ஹோஸைக் கழற்றி
பிளேட்டால் நெடுக்கப் பிளந்தான்.
வெளியே புதுசு மாதிரிப் பளபளப்பு.
உள்ளே ரப்பர் வீங்கி
ஊசி நுழையும் வழிதான் மிச்சம்.
மிதித்தால் போகும். விட்டால் திரும்பாது.

"காலை எடுத்த பிறகும்
பிடிச்சுக்கொண்டே இருந்திருக்கு," என்றான்.
நான் ஜக்கைப் பார்த்தேன்.
அவன் கடற்பக்கம் பார்த்தான்.
பதினொரு பார்தான் மிஞ்சியது.

சோடியாகத்தான் மாற்றவேண்டும், என்றேன்.
வலது ஹோஸ் நல்லாத்தானே இருக்கு, என்றவன்
காசை எண்ணித் தந்தான்.
நான் வண்டிக்குக் கீழே, அவன் சீற்றில்.
மிதி.
மிதிச்சிட்டன்.
பிடி. பிடிச்சுக்கொள். காத்து வருது.
ம்.
இப்ப விடு.
அந்த மாதத்தில்
நாங்கள் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

இப்போது முள் பாதியில் படுத்திருக்கிறது.
வண்டி நேரே போகிறது.
என் கைதான் இன்னும் வலதுக்கு இழுக்கிறது.
எதிரே வந்த மூதூர் பஸ் இரண்டு தரம் ஹோன் அடித்துத் திட்டியது.

இரவு பதினொன்று. டொக்யாட் வீதி வளைவில்
ஏழெட்டு மான்கள் தார்ச்சூட்டில் படுத்திருந்தன.
மிதித்தேன். இழுக்காமல் நின்றது.
காலை எடுத்தேன்.
நான்கு சில்லும் விட்டன.
மான்கள்தான் எழும்பவில்லை.