கராஜ் கணக்கு

கார் விற்றுப்போன பின்
கராஜில் மிஞ்சியவை
ஓர் எண்ணெய்க் கறையும் ஒரு ஜாக்கியும்.
கறையின்மேல் மூன்று மேசை போட்டார்கள்
மெர்பேங்க் தெருக்காரர்கள்.
என் கையில் ஒரு நோட்டு.
"காகித ஆலையில கணக்கு எழுதினவங்க நீங்க,
இதையும் எழுதிடுங்க."
குனியாமல் செய்யக்கூடிய தர்மம்
இது ஒன்றுதான் என்பதால்
சரி என்றேன்.

சனிக்கிழமை.
கடல் பக்கக் காற்றென்றால் உப்பு வாசம்,
ஆலைப் பக்கக் காற்றென்றால் அழுகிய முட்டை.
இந்திய ஊர்களின் பெயர் சுமந்த,
இந்தியாவைப் பார்த்திராத தெருக்களில்
வீடு வீடாய் ஏறி இறங்கித் திரும்புகிறது
பூபாலனின் பிக்அப் வண்டி.
கிளட்ச் போய் ஒரு மாதம்.
மேட்டில் நின்றுவிட்டால்
மூன்று பேர் இறங்கித் தள்ள வேண்டும்.
பசித்தவருக்கு என்று அரிசி கேட்டால்
கதவு திறக்கிறது.
கிளட்சுக்கு என்று கேட்டால்
வானத்தைப் பார்க்கிறார்கள்,
மழை வருமா என்பதுபோல.

வரவு:
சோள மாவு பதினாறு பை.
பீன்ஸ், எண்ணெய், தேயிலை, உப்பு.
நீச்சல் குளம் உள்ள வீட்டிலிருந்து
காலாவதியான தக்காளி சூப், ஒரு பெட்டி.
யாரோ ஒரு புண்ணியவான் தந்த நாய் பிஸ்கட்.
"பசிக்கிற வீட்டிலும் நாய் இருக்குமே" என்று
சொத்வா அதையும் அடுக்கினாள்.
நான் தமிழில் எண்ணினேன், அவள் ஜூலுவில் எண்ணினாள்.
மீன் டின்
இரண்டு மொழியிலும் நாற்பத்திரண்டு.

கோகிலம் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவாள்.
தையல் ஆலை மூடிய பிறகு
வேலை இல்லை என்று யாரிடமும் சொன்னதில்லை,
"லீவுல இருக்கேன்" என்பாள்.
பதினோரு மாத லீவு.
மாவுப் பையைத் தோளில் ஏற்றும்போதும்
ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள்.
மதியம் எல்லோருக்கும் டீ வரும்.
ரொட்டியைத் தொடமாட்டாள்,
விரதம் என்பாள்.
எந்தச் சாமிக்கு என்று
நானும் கேட்டதில்லை.

ஆறரைக்கு மின்சாரம் போனது.
டார்ச்சைத் தேடிப் பூபாலன் வெளியே ஓட,
இருட்டில்
தகரமும் தகரமும் மெல்ல முட்டும் ஓசை.
முப்பது வருடம் எண்களோடு இருந்த காது இது,
ஓசையையும் எண்ணிவிடும்:
இரண்டு.
பிறகு ஒரு ஜிப், பாதி வழியில் சிக்கிக்கொண்டது.

நான் இருமினேன்.
ஜிப் முழுதும் மூடும்வரை
விடாமல் இருமினேன்.

வெளிச்சம் வந்தது.
நாற்பது டின் என்னைப் பார்த்தன.
அந்த இரவு நோட்டைத் திறந்து
மூடி
திறந்து
கடைசியில் ஒரு புதுப் பக்கம் கிழித்தேன்.

அடுத்த சனிக்கிழமை மேசைமேல்
ஏழு பை, ஏழு பெயர்.
தூக்குகிறவர்கள், ஓட்டுகிறவர்கள், அடுக்குகிறவர்கள்,
எல்லோருக்கும் ஒன்று.
"தொண்டு செய்றவங்களுக்கேவா?" என்றார்
கமிட்டியில் ஒருவர்,
வெறுங்கையோடு வந்து, வெறுங்கையோடு போகிறவர்.
பூபாலன் கூச்சப்பட்டான்.
சொத்வா நன்றி சொல்லித் தலையில் வைத்துக்கொண்டாள்.
கோகிலம் மட்டும் பையைத் திருப்பித் தள்ளினாள்.
"எனக்கெதுக்கு அக்கா?
இல்லாதவங்களுக்குக் கொடுங்க."
"மையில் எழுதியாச்சு" என்றேன்.
"அடிச்சுத் திருத்தினா
நோட்டு அசிங்கமாகும்."
என் முகத்தைப் பார்த்தாள்.
பேனா மூடியைத் தேடுவதாய்
மேசைக்கடியில் குனிந்தேன்.
இடுப்பு சுளீரென்றது.

போன வாரம் சீக்கிரமே வந்தாள்.
கைக்குட்டையில் மடித்து எதையோ நீட்டினாள்.
"உங்க இருமலுக்கு" என்றாள்.

எனக்கு இருமல் இல்லை.
அவளுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்;
தெரியாமலும் இருக்கலாம்.

வரவுப் பக்கத்தில் எழுதினேன்:
இஞ்சி, ஒரு துண்டு.
ஜாக்கி விற்றது, நூற்றைம்பது ராண்ட்.
கிளட்ச் பாக்கி.